‘நிஜமாகவே நடந்ததா?’ உலகின் விநோதச் செய்திகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விநோதச் செய்திகளைத் தேடிப் படிப்பதும் சேர்த்து வைப்பதும் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. யாரிடமாவது ஒன்றைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், அடுத்த நிமிடமே “சும்மா கதை விடாதீங்க” என்பார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானது, ஏனென்றால் இந்த வகைச் செய்திகளில் கட்டுக்கதை நிறையக் கலந்திருக்கிறது. கீழே உள்ளவை நடந்தவை. நடக்காதவை எவை என்று அந்தந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறேன். என்ன நடந்தது என்பதை எல்லாரும் எழுதிவிடுகிறார்கள், ஏன் நடந்தது என்பதைத்தான் பாதி வழியில் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அந்த ‘ஏன்’தான் முக்கியம், அதனால் பதில்கள் சில இடத்தில் நீளும்.

ஆஸ்திரேலிய ராணுவம் ஈமு பறவைகளிடம் தோற்றதாமே?

ஆமாம். 1932 நவம்பரில், மேற்கு ஆஸ்திரேலியாவின் கேம்பியன் வட்டாரத்தில். போர்ப் பிரகடனம் எதுவும் கிடையாது, ‘ஈமு போர்’ என்பது பின்னால் ஒட்டிக்கொண்ட பெயர். ஆனால் ராணுவம் போனது, இயந்திரத் துப்பாக்கிகள் போயின, பறவைகள் தப்பின, அதுவரை உண்மை.

முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு அரசு அங்கே நிலம் கொடுத்து விவசாயம் செய்யச் சொல்லியிருந்தது. உலகப் பொருளாதாரப் பெருமந்தம் வந்ததும் கோதுமை விலை சரிந்தது, அரசு தருவதாகச் சொன்ன உதவியும் ஒழுங்காக வரவில்லை. அந்த நேரம் பார்த்து, ஆண்டுதோறும் உள்நாட்டிலிருந்து கடற்கரைப் பக்கம் நகரும் ஈமுக்கள் சுமார் 20,000 இந்த வயல்களுக்குள் வந்து இறங்கின. தீனியும் தண்ணீரும் கிடைக்கிற இடத்தை விட்டு எந்தப் பறவை போகும்? பயிரைத் தின்றதோடு நிற்காமல், முயல்களைத் தடுக்கப் போட்ட வேலியையும் அங்கங்கே உடைத்தன, அந்த ஓட்டை வழியாக முயல்களும் உள்ளே வந்தன.

விவசாயிகள் வேளாண் துறையிடம் போகவில்லை. பழைய படைவீரர்கள் ஆயிற்றே, இயந்திரத் துப்பாக்கி என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்தவர்கள். நேராகப் பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பியர்ஸிடம் போய் அதைக் கேட்டார்கள். மேஜர் மெரிடித் தலைமையில் இரண்டு லூயிஸ் துப்பாக்கிகளும் 10,000 தோட்டாக்களும் வந்தன. சுட ஆரம்பித்ததும் ஈமுக்கள் சின்னச் சின்னக் கூட்டமாகப் பிரிந்து நாலா பக்கமும் ஓடின. ஒரு நாள் அணைக்கரையில் பதுங்கியிருந்து, சுமார் ஆயிரம் பறவைகள் பக்கத்தில் வரும்வரை காத்திருந்து சுட்டார்கள், பத்துப் பன்னிரண்டு விழுவதற்குள் துப்பாக்கி சிக்கிக்கொண்டது. லாரியில் துப்பாக்கியை ஏற்றித் துரத்திப் பார்த்தார்கள். மேடுபள்ளத்தில் லாரி குலுங்கிய குலுங்கலில் குறியே வைக்க முடியவில்லை, ஈமுவோ மணிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது.

நடுவில் திரும்ப அழைக்கப்பட்டு, மறுபடி அனுப்பப்பட்டு, டிசம்பர் 10ஆம் தேதியோடு எல்லாம் முடிந்தது. 9,860 தோட்டாக்களில் 986 பறவைகளைக் கொன்றதாக மெரிடித் கணக்குக் கொடுத்தார். சரியாகப் பறவைக்குப் பத்துத் தோட்டா என்று வரும் இந்தக் கணக்கை அப்படியே நம்ப எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் பலன் தந்தது வேறு: கொன்ற பறவைக்குச் சன்மானம் என்ற பழைய முறையிலேயே 1934இல் ஆறே மாதத்தில் 57,034 ஈமுக்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டது, அப்புறம் நல்ல வேலிகளும் வந்தன. ராணுவத்தை அனுப்பச் சொல்லி விவசாயிகள் பின்னாளில் மீண்டும் கேட்டபோதெல்லாம் அரசு மறுத்துவிட்டது.

செத்த திமிங்கலத்தை டைனமைட் வைத்து வெடித்த கதை?

1970 நவம்பர் 12, அமெரிக்காவின் ஓரிகான் மாநிலம், புளோரன்ஸ் ஊர்க் கடற்கரை. 45 அடி நீளமும் எட்டு டன் எடையும் உள்ள ஒரு திமிங்கலம் செத்து ஒதுங்கிக் கிடந்தது. அப்போது அந்த மாநிலக் கடற்கரைகள் நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில் இருந்தன, அதனால் இந்த வேலை சாலை போடுகிற பொறியாளர்கள் தலையில் விழுந்தது. இதைத் தெரிந்துகொள்ளாமல் படித்தால் அவர்களை முட்டாள்கள் என்று நினைத்துவிடுவோம். அவர்கள் யோசித்துத்தான் செய்தார்கள். புதைத்தால் அலை மணலை அரித்து மறுபடி வெளியே கொண்டுவந்துவிடும், வெட்டி அப்புறப்படுத்த நாற்றத்தில் யாரும் கிட்டப் போக முடியாது, எரிக்கவும் வழியில்லை. துண்டு துண்டாகச் சிதறடித்தால் மிச்சத்தைக் கடற்பறவைகளும் நண்டுகளும் தின்றுவிடும் என்று கணக்குப் போட்டார்கள்.

இருபது பெட்டி டைனமைட், அதாவது அரை டன், கரைப் பக்கமாக வைக்கப்பட்டது, உடல் கடல் பக்கம் பறக்கட்டும் என்று. வெடிபொருள் அனுபவம் உள்ள ஒருவர் அங்கே வந்திருந்தார், அளவு தப்பு, இருபது குச்சியே போதும் என்று சொன்னார். யாரும் கேட்கவில்லை. வெடித்ததும் திமிங்கலக் கொழுப்பு கால் மைல் தூரத்தில் நின்ற கூட்டத்தின் மேல் மழையாகப் பெய்தது. ஒரு பெரிய துண்டு விழுந்து ஒரு கார் நசுங்கியது. அந்தக் கார், அளவு தப்பு என்று எச்சரித்த அதே மனிதருடையது. யாருக்கும் காயமில்லை. உடலின் பெரும்பகுதி இருந்த இடத்திலேயே கிடந்தது, தின்ன வேண்டிய கடற்பறவைகள் சத்தத்துக்குப் பயந்து பறந்தே போய்விட்டன.

கேஏடியூ (KATU) தொலைக்காட்சியின் நிருபர் பால் லின்மனும் ஒளிப்பதிவாளர் டக் பிரேசிலும் அதைப் படம் பிடித்து வைத்ததால்தான் இன்றும் நம்மால் பார்க்க முடிகிறது. 1979இல் அதே பகுதியில் 41 திமிங்கலங்கள் ஒதுங்கியபோது எரித்துப் புதைத்தார்கள், வெடி பற்றி யாரும் பேசவில்லை. 2020இல் புளோரன்ஸ் ஊர் ஒரு பூங்காவுக்கு ‘வெடித்த திமிங்கல நினைவுப் பூங்கா’ என்றே பெயர் வைத்தது.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. 1990களில் இந்தக் கதை தேதி இல்லாமல் இணையத்தில் சுற்றியது. நேற்றுத்தான் நடந்தது என்று நம்பி ஓரிகான் நெடுஞ்சாலைத் துறைக்கு மக்கள் போன் போட்டுக் கேட்டார்கள். ஒரு விநோதச் செய்தி உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்தால் நான் முதலில் தேடச் சொல்வது தேதியைத்தான், அடுத்தது ஊர்ப் பெயர். இரண்டும் இல்லாத செய்தியை நான் யாருக்கும் அனுப்புவதில்லை.

ஒரு விவசாயி பிரான்ஸ் நாட்டையே சின்னதாக்கிவிட்டாராமே?

2.29 மீட்டர் அளவுக்கு. 2021இல் பெல்ஜியத்தின் எர்க்லின் பக்கம் நடந்தது. தன் டிராக்டர் போகிற வழியில் ஒரு கல் நிற்கிறது என்று எரிச்சல்பட்டு ஒரு விவசாயி அதைப் பிடுங்கிக் கொஞ்சம் தள்ளி நட்டுவிட்டார். அது பெல்ஜியத்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவில் 1819இல் நட்ட எல்லைக்கல். நெப்போலியன் வாட்டர்லூவில் தோற்ற பிறகு வகுத்த எல்லை, 1820இல் ஒப்பந்தமாகக் கையெழுத்தானது. வரலாற்று ஆர்வமுள்ள உள்ளூர்க்காரர்கள் சிலர் காட்டில் நடந்து போகும்போது கல் இடம் மாறியிருப்பதைக் கவனித்தார்கள். இரண்டு பக்கத்து ஊர்த் தலைவர்களும் இதைச் சிரித்துக்கொண்டே கையாண்டார்கள், கல்லைப் பழைய இடத்தில் வைக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். நம் ஊரில் வரப்பை ஒரு சாண் நகர்த்தினாலே தலைமுறைத் தலைமுறையாகக் கோர்ட்டுக்கு நடப்போம், அங்கே ஒரு நாட்டின் எல்லை நகர்ந்தும் யாரும் குரல் உயர்த்தவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே பிடித்திருக்கிறது.

சுவிட்சர்லாந்து பக்கத்து நாட்டுக்குள் தெரியாமல் படையோடு நுழைந்தது என்பது?

அதுவும் நடந்தது. 2007 மார்ச் 1, ராத்திரி நேரம், மோசமான வானிலை. பயிற்சியில் இருந்த 171 சுவிஸ் வீரர்கள் வழி தவறி லிக்டன்ஸ்டைனுக்குள் இரண்டு கிலோமீட்டர் போய்விட்டுத் திரும்பினார்கள். எல்லையில் வேலியும் இல்லை, கையில் துப்பாக்கி இருந்தாலும் தோட்டா இல்லை. லிக்டன்ஸ்டைனில் யாருக்கும் தெரியவே தெரியாது, சுவிட்சர்லாந்தே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டபோதுதான் தெரிந்தது. 1868லேயே தன் ராணுவத்தைக் கலைத்துவிட்ட நாடு அது.

எல்லைத் தகராறுகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஹான்ஸ் தீவு. கனடாவின் எல்ஸ்மியர் தீவுக்கும் டென்மார்க்கைச் சேர்ந்த கிரீன்லாந்துக்கும் நடுவில் 1.3 சதுர கிலோமீட்டர் வெறும் பாறை. 1973இல் கடல் எல்லையை வரைந்தபோது இந்தப் பாறையை மட்டும் முடிவு செய்யாமல் விட்டுவிட்டார்கள். 1984இல் கனடா வீரர்கள் வந்து கொடி நட்டு ஒரு விஸ்கி பாட்டிலை வைத்துவிட்டுப் போக, டென்மார்க் தரப்பு வந்து தன் கொடியை நட்டுத் தன் ஊர்ச் சாராயத்தை வைத்துவிட்டுப் போனது. பல வருடம் இப்படியே கொடியும் பாட்டிலும் மாறி மாறி ஓடியது. 2022 ஜூனில் தீவை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். யுக்ரைன் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், எல்லைச் சண்டையை இப்படியும் முடிக்கலாம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஜப்பானில் பூனை ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தது விளம்பர வேலைதானே?

விளம்பரம்தான், ஆனால் அதைச் சொல்லி ஒதுக்கிவிட்டால் கதையே போய்விடும். வாகயாமா பகுதியின் கிஷிகாவா ரயில் பாதை நஷ்டத்தில் ஓடியது, நடத்தி வந்த நிறுவனம் கைவிட்டது. பாதையை மூடக் கூடாது என்று உள்ளூர் மக்கள் போராடினார்கள், 2006இல் புது நிறுவனம் எடுத்துக்கொண்டது. செலவைக் குறைக்க நிலையங்களில் இருந்த ஆட்களை நீக்கினார்கள். கடைசி நிலையமான கிஷியில் பக்கத்துக் கடைக்காரர் வளர்த்த தமா என்ற மூவண்ணப் பூனை நிலைய வாசலிலேயே உட்கார்ந்திருக்கும். அந்தப் பூனையை என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது, 2007 ஜனவரியில் நிறுவனத் தலைவர் அதையே ஸ்டேஷன் மாஸ்டர் ஆக்கினார். தொப்பி உண்டு, சம்பளம் பூனைத் தீனி.

பூனையைப் பார்க்க வந்தவர்கள் டிக்கெட் வாங்கினார்கள். பூனைப் படம் வரைந்த ரயில் வந்தது, 2010இல் நிலையக் கட்டடத்தையே பூனை முகம் போல மாற்றிக் கட்டினார்கள். 2015இல் தமா இறந்தபோது ஷிந்தோ முறையில் இறுதிச் சடங்கு நடந்தது, ஆயிரக்கணக்கான பேர் வந்தார்கள். அடுத்து நிதமா என்ற பூனை பதவிக்கு வந்தது. மூடியிருக்க வேண்டிய ஒரு கிராமத்து ரயில் பாதை இன்னும் ஓடுகிறது, அந்த வண்டியில் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்கு இது வேடிக்கைச் செய்தி மட்டும் இல்லை.

பெங்குவினுக்கு ராணுவப் பதவி?

எடின்பரோ விலங்குக் காட்சிசாலையில் உள்ள நில்ஸ் ஓலாவ். நார்வே அரச காவல் படை 1972இல் இதைத் தத்தெடுத்தது, அந்தப் படை எடின்பரோ வரும்போதெல்லாம் பதவி உயர்வு. 2008இல் வீரப்பட்டம், 2016இல் பிரிகேடியர், 2023இல் மேஜர் ஜெனரல். ஒரே பறவை இல்லை, ஒன்று இறந்தால் அடுத்தது அதே பெயரையும் பதவியையும் ஏற்கிறது.

தலை வெட்டிய கோழி ஒன்றரை வருடம் உயிரோடு இருந்தது என்பது உடலியல்படி சாத்தியமா?

இதைக் கேட்கிறவர்களில் பாதிப் பேர் கட்டுக்கதை என்றே முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். சாத்தியம், நடந்தது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம், புரூட்டா, 1945 செப்டம்பர் 10. சமையலுக்காக ஒரு சேவலை வெட்டியபோது கோடரி சற்று மேலாக விழுந்தது. கோழியின் மூளை நம் மூளை போல உச்சியில் உட்கார்ந்திருப்பதில்லை, சாய்வாகப் பின்கழுத்துப் பக்கம் இறங்கியிருக்கும். மூச்சு, இதயத் துடிப்பு, நிற்பது, நடப்பது இதெல்லாம் மூளைத்தண்டின் வேலை. அந்தத் தண்டின் பெரும்பகுதியும் ஒரு காதும் தப்பிவிட்டன, கழுத்தின் பெரிய ரத்தக் குழாய் அறுபடவில்லை, கசிந்த ரத்தமும் உறைந்து அடைத்துக்கொண்டது. கொத்தித் தின்னப் பார்த்தது, கூவப் பார்த்தது, தொண்டையிலிருந்து கரகரவென்று சத்தம் மட்டும் வந்ததாம்.

மைக் என்று பெயர் வைத்து, சொட்டுக்குழாயால் பாலும் தண்ணீரும் நேராக உணவுக்குழாயில் விட்டு, தொண்டையில் சேரும் சளியைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து வளர்த்தார்கள். ஊர் ஊராகக் காட்சிக்குக் கொண்டுபோய்ச் சம்பாதிக்கவும் செய்தார்கள். 1947இல் அப்படிப் போன ஒரு பயணத்தில், ராத்திரி தொண்டை அடைத்து இறந்தது. அந்தச் சேவலுக்காக எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல எனக்குப் பிடிப்பதில்லை. காசு கிடைக்கிறது என்று பார்த்து வேறு சிலரும் தங்கள் கோழிகளை இப்படி வெட்டிப் பார்த்தார்கள், எதுவும் பிழைக்கவில்லை.

உயிரோடு இருக்கிறவர் தன்னை உயிருள்ளவர் என்று நிரூபிக்கப் போராடிய கதை எங்கே நடந்தது?

நம் நாட்டில்தான். உத்தரப் பிரதேசம், ஆஸம்கர் மாவட்டத்துக்காரர் லால் பிஹாரி. 1970களின் நடுவில் தறித் தொழில் தொடங்கக் கடன் வாங்கலாம் என்று சான்றிதழுக்குப் போனவரிடம், நிலப் பதிவேட்டில் நீ இறந்துவிட்டாய் என்றார்கள். அவருடைய சித்தப்பா அதிகாரிக்கு லஞ்சம் கொடுத்து அப்படிப் பதிய வைத்து, ஒரு ஏக்கருக்கும் குறைவான நிலத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டிருந்தார். எதிரே நின்று பேசுகிற மனிதனைப் பார்த்துக்கொண்டே, காகிதத்தில் இருப்பதைத்தான் நம்புவேன் என்கிற அலுவலகம் எப்படி இருக்கும் என்று நமக்கு விளக்க வேண்டியதில்லை.

லால் பிஹாரி செய்ததைக் கவனியுங்கள். அரசு ஏதாவது ஒரு ஆவணத்தில் தன் பெயரை உயிரோடு இருப்பவராக எழுதியே ஆக வேண்டும், அதற்கு என்ன வழி என்று யோசித்தார். சித்தப்பா மகனைக் கடத்தினார், வழக்குப் போடட்டும் என்று. மனைவிக்கு விதவை உதவித்தொகை கேட்டு மனுப் போட்டார், மறுத்தால் கணவன் உயிரோடு இருப்பதாக ஆகுமே என்று. 1989இல் அமேதியில் ராஜீவ் காந்தியை எதிர்த்துத் தேர்தலில் நின்றார், ஜெயிக்க இல்லை, செத்தவன் வேட்பாளர் ஆக முடியுமா என்று கேட்க. பெயரோடு ‘மிருதக்’, அதாவது இறந்தவர், என்று சேர்த்துக்கொண்டார். தன்னைப் போலவே நிலத்துக்காகக் காகிதத்தில் கொல்லப்பட்டவர்கள் இன்னும் பலர் இருப்பது தெரியவந்ததும் அவர்களுக்காக ‘மிருதக் சங்கம்’ தொடங்கினார். 1994இல்தான் பதிவேடு திருத்தப்பட்டது. தன் நிலத்தைத் திரும்பக் கேட்டு அவர் சண்டை போடவில்லை, உறவினர்களிடமே விட்டுவிட்டார் என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு சுத்தமாக நின்றுவிட்டது.

2003இல் அவருக்கு அமைதிக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது.

இக் நோபல் என்றால் கேலிப் பரிசா?

1991இல் மார்க் ஆப்ரகாம்ஸ் தொடங்கியது. முதலில் சிரிக்க வைத்து அப்புறம் யோசிக்க வைக்கும் வேலைகளுக்குத் தருகிறார்கள். சில வருடம் குத்திக்காட்டவும் கொடுத்திருக்கிறார்கள், 1998இல் அணுகுண்டு சோதனைக்காக வாஜ்பாயிக்கும் நவாஸ் ஷெரீப்புக்கும் ‘அமைதிப் பரிசு’ கொடுத்தது போல. ஆனால் பெரும்பாலானவை ஒழுங்கான ஆய்வுகள். 2002இல் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவருக்குக் கணிதப் பரிசு கிடைத்தது, இந்திய யானையின் மொத்தத் தோல் பரப்பைக் கணக்கிடும் சூத்திரத்துக்காக. யானையின் உயரத்தையும் முன்னங்கால் பாதத்தின் சுற்றளவையும் அளந்தால் போதும், மிச்சத்தைச் சூத்திரம் சொல்லும். உயிரினத்தின் உடல் வெப்பம் எப்படி வெளியேறுகிறது, மருந்து எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கெல்லாம் தோல் பரப்பு தேவைப்படுகிற அளவு, யானையைப் பிடித்து டேப் வைத்து முழுசாக அளக்கவா முடியும்?

2001இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் இருவர் பள்ளி மாணவர்களிடம் மூக்கு நோண்டும் பழக்கத்தை ஆராய்ந்ததற்காக வாங்கினார்கள். எல்லாவற்றையும் விட ஆந்த்ரே கெய்ம் கதை பெரியது. பலமான காந்தப் புலத்தில் ஒரு தவளையை அந்தரத்தில் மிதக்க விட்டதற்காக 2000இல் இக் நோபல் வாங்கினார், அதே மனிதர் கிராஃபீனுக்காக 2010இல் உண்மையான இயற்பியல் நோபலும் வாங்கினார். பென்சில் கரியான கிராஃபைட்டில் செல்லோ டேப் ஒட்டி உரித்து உரித்து ஒரே அணு தடிமனுள்ள படலம் எடுத்ததுதான் அந்தக் கண்டுபிடிப்பின் தொடக்கம். விளையாட்டாகச் செய்து பார்க்கும் அதே பழக்கம்தான் இரண்டுக்கும் வழி காட்டியது.

சுவரில் ஒட்டிய வாழைப்பழத்தை 62 லட்சம் டாலருக்கு யார் வாங்கினார்?

ஜஸ்டின் சன் என்ற கிரிப்டோ தொழிலதிபர், 2024 நவம்பரில், நியூயார்க் சோத்பீஸ் ஏலத்தில். இத்தாலியக் கலைஞர் மௌரிசியோ கட்டேலன் 2019இல் மயாமியில் முதலில் வைத்தபோது விலை 1,20,000 டாலர். வாங்குகிறவருக்குக் கிடைப்பது சான்றிதழும் எப்படி ஒட்ட வேண்டும் என்ற குறிப்பும், பழம் அழுகினால் வேறு பழம் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். 2019லேயே ஒரு கலைஞர் அதைப் பிய்த்துத் தின்றார், 2023இல் சியோலில் ஒரு மாணவர் தின்றார், 2024இல் வாங்கியவரே ஹாங்காங்கில் எல்லார் முன்னாலும் தின்றார்.

ஏலத்தில் வைத்த அந்தப் பழத்தை நியூயார்க் தெருவில் பழவண்டி வைத்திருந்த, வங்கதேசத்திலிருந்து வந்த ஒரு முதியவரிடம் 35 சென்ட்டுக்கு வாங்கியிருந்தார்கள். என்ன விலைக்குப் போனது என்று ஒரு நிருபர் சொன்னபோது அவர் அழுதுவிட்டார். இந்தச் செய்தியில் எனக்கு மனதில் நிற்பது அவர் மட்டும்தான்.

ஸ்பெயினில் பாட்டி கெடுத்த இயேசு ஓவியம் என்ன ஆனது?

போர்ஹா என்ற சின்ன ஊர், 2012. தேவாலயச் சுவரில் இருந்த ஓவியம் ஈரத்தில் உரிந்துகொண்டிருந்தது, எண்பது வயதைத் தாண்டிய செசிலியா ஹிமெனெஸ் தன் பிரியத்தில் அதைச் சரிசெய்ய இறங்கினார். வேலை முடியவில்லை, பாதியில் நிறுத்திவிட்டு வெளியூர் போயிருந்தேன் என்பது அவர் சொன்ன விளக்கம். அதற்குள் உலகமே அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டது, அவர் மனம் உடைந்து படுத்துவிட்டார். அப்புறம் நடந்ததுதான் அருமை. அதைப் பார்க்கவே ஊருக்குள் பயணிகள் குவிந்தார்கள், நுழைவுக் கட்டணம் வைத்தார்கள், அந்தப் பணம் முதியோர் இல்லத்துக்குப் போனது. 2016இல் அந்த ஓவியத்துக்கென்றே ஒரு மையம் திறந்தார்கள். கெடுத்தவர் என்று பெயர் வாங்கியவரை ஊரே கொண்டாடியது.

கடலில் விழுந்த பிளாஸ்டிக் வாத்துகளால் அறிவியல் வளர்ந்தது என்கிறார்களே?

1992 ஜனவரியில் வட பசிபிக் புயலில் ஒரு சரக்குக் கப்பலிலிருந்து சில கன்டெய்னர்கள் கடலில் விழுந்தன. ஒன்றில் 28,800 குளியல் பொம்மைகள்: மஞ்சள் வாத்து, சிவப்பு பீவர் (நீரில் வாழும் ஒரு கொறிவிலங்கு), நீல ஆமை, பச்சைத் தவளை. அட்டைப் பெட்டிகள் நீரில் ஊறிப் பிரிய, பொம்மைகள் மிதக்க ஆரம்பித்தன. அதே ஆண்டு நவம்பரில் அலாஸ்காவின் சிட்கா பக்கம் கரை ஒதுங்கத் தொடங்கின.

கடல் நீரோட்டத்தை ஆராயப் பாட்டில்களை மிதக்க விடுவது வழக்கம், ஐந்நூறு ஆயிரம் விட்டால் நூற்றுக்கு இரண்டு திரும்பக் கிடைத்தாலே பெரிய விஷயம். இங்கே எங்கே, எந்தத் தேதியில் விழுந்தன என்று தெளிவாகத் தெரிந்த கிட்டத்தட்ட முப்பதாயிரம் பொருட்கள் சும்மா கிடைத்துவிட்டன. கர்ட்டிஸ் எப்ஸ்மேயர், ஜேம்ஸ் இங்க்ரகாம் என்ற இரண்டு கடலியலாளர்கள் கடற்கரையில் நடக்கிற சாதாரண மக்களிடம் தகவல் கேட்டு வாங்கி, தங்கள் கணினி மாதிரியோடு ஒப்பிட்டார்கள். பசிபிக்கின் வடபகுதியில் சுழலும் நீரோட்டம் ஒரு சுற்றை முடிக்கச் சுமார் மூன்று ஆண்டு எடுக்கிறது என்பது, பொம்மைகள் அலாஸ்காக் கரைக்குத் திரும்பத் திரும்ப வந்ததிலிருந்து தெளிவானது. பிளாஸ்டிக் எத்தனை வருடம் அழியாமல் சுற்றுகிறது என்பதும் அதே கணக்கில் தெரிந்துபோனது, அதை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

கப்பலுக்குப் பெயர் வைக்க ஓட்டெடுப்பு நடத்தி ஏமாந்த நாடு எது?

பிரிட்டன், 2016. அண்டார்க்டிக் ஆய்வுக் கப்பலுக்குப் பெயர் கேட்டார்கள், ‘போட்டி மக்போட்ஃபேஸ்’ (Boaty McBoatface, ‘படகுமூஞ்சிப் படகு’ என்பது போல) என்ற குழந்தைத்தனமான பெயர் 1,24,109 வாக்குகளோடு முதலிடம் வந்தது. கப்பலுக்கு, இயற்கை பற்றிய தொலைக்காட்சிப் படங்களுக்குப் பேர்போன டேவிட் ஆட்டன்பரோ பெயரை வைத்தார்கள், மக்கள் கேட்ட பெயரை அந்தக் கப்பலோடு சேர்ந்த ஆளில்லா நீர்மூழ்கிக்கு வைத்தார்கள். சரியான முடிவு. அந்தக் குட்டி நீர்மூழ்கி அண்டார்க்டிக் ஆழ்கடலில் நல்ல வேலை செய்திருக்கிறது, பெயருக்காகவே பிள்ளைகள் அதைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

மும்பையில் புறாவைச் சிறை வைத்தார்களாமே?

2023 மே மாதம் மும்பைத் துறைமுகப் பகுதியில் ஒரு புறா பிடிபட்டது. காலில் வளையம், சிறகில் சீன எழுத்து போல ஏதோ, அதனால் உளவு பார்க்க வந்ததோ என்று சந்தேகம். கால்நடை மருத்துவமனையில் எட்டு மாதம் கூண்டில் வைத்திருந்தார்கள். விசாரித்ததில் அது தைவானைச் சேர்ந்த பந்தயப் புறா. 2024 ஜனவரி கடைசியில் விடுவித்தார்கள். எட்டு மாதம் ரொம்ப அதிகம் என்பேன்.

புறா ஜெயித்த கதையும் உண்டு. 2009இல் தென்னாப்பிரிக்காவில், இணைய வேகத்தில் வெறுத்துப்போன ஒரு நிறுவனம் 4 ஜிபி தரவை ஒரு மெமரி கார்டில் ஏற்றி, வின்ஸ்டன் என்ற புறாவின் காலில் கட்டி ஹோவிக்கிலிருந்து டர்பனுக்கு அனுப்பியது. புறா வந்து சேர்ந்து, கார்டிலிருந்து தரவை ஏற்றி முடிக்க இரண்டு மணி நேரம் சொச்சம். அதற்குள் இணையத்தில் போயிருந்தது நூற்றுக்கு நான்கு.

நீங்கள் நம்பாத கதைகள் எவை?

ஸ்பகெட்டி மரம். 1957 ஏப்ரல் 1 அன்று பிபிசி, சுவிட்சர்லாந்தில் மரத்திலிருந்து ஸ்பகெட்டி பறிப்பதாக மூன்று நிமிடப் படம் காட்டியது. ரிச்சர்ட் டிம்பிள்பி போன்ற மதிப்புள்ள குரல் சொன்னதாலும், அன்றைய பிரிட்டனில் ஸ்பகெட்டி பலருக்குப் பழக்கமில்லாத உணவு என்பதாலும் நம்பினார்கள், மரம் எப்படி வளர்ப்பது என்று போன் போட்டே கேட்டார்கள்.

அப்புறம் டெல்லி நாகப்பாம்புக் கதை. வெள்ளைக்கார அரசு பாம்புக்குப் பரிசு அறிவித்ததும் மக்கள் பாம்பு வளர்த்து விற்றார்கள் என்று மேலாண்மை வகுப்புகளில் எல்லாம் சொல்கிறார்கள். அதற்கு அந்தக் காலத்து ஆவணச் சான்று எதையும் யாரும் காட்டியதில்லை. ஆனால் அதே மாதிரி ஒன்று ஹனோய் நகரத்தில் நடந்தது. பிரெஞ்சு ஆட்சி புது சாக்கடைகள் கட்டியது, எலிகள் அதில் பெருகின, பிளேக் பயம் வந்தது, 1902இல் எலி வாலுக்குக் காசு என்று அறிவித்தார்கள். கொஞ்ச நாளில் வாலில்லாத எலிகள் தெருவில் ஓடத் தொடங்கின. வாலை மட்டும் வெட்டிவிட்டு எலியை விட்டுவிட்டார்கள், குட்டி போட்டால் இன்னும் வால் கிடைக்குமே. நகருக்கு வெளியே எலிப் பண்ணைகளே இருந்தது தெரியவந்ததும் திட்டத்தை நிறுத்தினார்கள். மைக்கேல் வான் என்ற வரலாற்றாசிரியர் பிரெஞ்சு ஆவணங்களிலிருந்து இதை வெளியே கொண்டுவந்தார். ஆதாரமுள்ள ஹனோய் கதை இருக்கும்போது டெல்லிக் கதையை இன்னும் சொல்லிக்கொண்டிருப்பது ஏன் என்று புரியவில்லை.

இதில் எதையாவது நேரில் பார்க்க முடியுமா?

கிஷி நிலையத்துக்கு வாகயாமாவிலிருந்து அதே ரயிலில் போகலாம். இங்கிலாந்தில் குளோஸ்டர் அருகே கூப்பர்ஸ் மலையில் மே மாதக் கடைசித் திங்கட்கிழமை பாலாடைக்கட்டி உருட்டும் போட்டி நடக்கும். மூன்று நான்கு கிலோ எடையுள்ள வட்டக் கட்டியைச் செங்குத்தான சரிவில் உருட்டிவிட்டு ஆட்கள் பின்னாலேயே விழுந்து புரண்டு ஓடுவார்கள், முதலில் கீழே வருகிறவருக்கு அந்தக் கட்டி. 2023இல் கனடாவைச் சேர்ந்த ஓர் இளம்பெண் கீழே வந்து சேரும்போது மயங்கிவிட்டார், ஜெயித்தது தெரிந்ததே மருத்துவக் கூடாரத்தில் கண் விழித்தபோதுதான். அவ்வளவு ஆபத்து வேண்டாம் என்றால் பின்லாந்தின் சோன்காயார்வி ஊருக்கு ஜூலையில் போங்கள். மனைவியைத் தூக்கிக்கொண்டு 253.5 மீட்டர் ஓட வேண்டும், நடுவில் தண்ணீர்த் தடை உண்டு, தூக்கப்படுகிறவர் குறைந்தது 49 கிலோ இருக்க வேண்டும், பரிசு அவர் எடைக்கு எடை பீர். சொந்த மனைவியாகத்தான் இருக்க வேண்டும் என்று விதியில் இல்லை.